வல்லாளனுக்கு யார் பிள்ளை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் திருவண்ணாமலை போயிருந்தேன். அங்கே வல்லாள மகாராஜா கோபுரத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு குழப்பம். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரிடம் பணிந்து, பெற்ற மகனை டெல்லிக்கு அனுப்பியவர். அவரைப் படையெடுப்பை எதிர்த்த மாவீரர் என்று வாட்ஸப்பில் கொண்டாடுவது சரியா? அன்று தென்னாட்டு அரசர்கள் ஒன்றுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இரண்டாவது கேள்வியைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். பாண்டிய நாட்டில் அண்ணன் தம்பி இருவரும் பட்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தனக்கு என்ன தேறும் என்று பார்க்கத்தான் வல்லாளர் தெற்கே போயிருந்தார். அந்த நேரத்தில் காபூரின் படை அவரது தலைநகர் துவாரசமுத்திரத்து வாசலில் வந்து நின்றது. யார் யாரோடு ஒன்றுபடுவது?

வல்லாளரின் வீட்டுக்குள்ளேயே அது நடக்கவில்லை. தாத்தா சோமேசுவரன் நாட்டைக் கூறுபோட்டு, கன்னட மேட்டு நாட்டை ஒரு மகன் நரசிம்மனுக்கும் கண்ணனூரை ஒட்டிய தமிழ்ப் பகுதியை இன்னொரு மகன் ராமநாதனுக்கும் கொடுத்தான். 1292இல் பட்டமேறிய பேரன், பங்காளிப் பாகத்தைத் திரும்பச் சேர்க்க 1300 வாக்கில் ஆகிவிட்டது. மாவீரர், கோழை என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். கடைசிப் போரில் வல்லாளரின் பக்கம் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாக அந்தக் காலத்து மொராக்கோப் பயணி இபின் பதூதா எழுதுகிறார். உங்கள் வாட்ஸப்பில் அது வராது.

அந்தப் போர் 1342இல், அதே கண்ணனூரில், இன்றைய சமயபுரத்தருகே நடந்தது. எண்பது வயதுக் கிழவர் தாத்தாவின் ஊரை மதுரை சுல்தானிடமிருந்து மீட்கப் போனார். கோட்டை விழும் தறுவாயில் சமாதானம் பேச அவகாசம் கொடுத்தார். சுல்தான் கியாசுதீன், பாளையம் மதியத் தூக்கத்தில் இருந்தபோது வந்து விழுந்தான். பிடிபட்டவரிடம், விட்டுவிடுகிறேன் என்று சொல்லிச் செல்வத்தையெல்லாம் கறந்துகொண்டு கொன்றான். தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டான். இபின் பதூதா அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் அந்த சுல்தானுக்குச் சகலை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது மகன் என்ற ஒரு சொல்தான். அந்த மகன் விருபாட்சன் டெல்லியிலிருந்து 1313இல் திரும்பிவிட்டான். அப்பாவுக்குப் பிறகு பட்டமும் ஏறினான். 1346இல் விஜயநகர அரசை நிறுவிய ஹரிஹரரும் தம்பிகளும் சிருங்கேரியில் வெற்றியைக் கொண்டாடி மானியம் கொடுக்கும்போது அவன் கதை முடிந்திருந்தது. ஆனால் திருவண்ணாமலைக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளையே கிடையாது என்பார்கள். அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார், அவரே மகன். மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கவுதம நதியில் அப்பாவுக்குத் திதி கொடுக்கிறார்.

மகன் இருந்த ராஜாவை ஊர் ஏன் மலடாக்கியது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கொள்ளி வைக்க உடல் வரவில்லை. அது மதுரைச் சுவரில் தொங்கியது. மகன் இருந்தும் இல்லாத சாவு அது. தங்கள் ஊரிலிருந்து ஆண்ட ராஜா அப்படிப் போனதை அந்த ஜனங்களால் தாங்கியிருக்க முடியாது. ரத்த வாரிசால் முடியாததைச் செய்ய சாமியைக் கூப்பிட்டார்கள். அரச பரம்பரைப் பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த வாரிசை மட்டும் 'கட்டுக்கதை' என்று தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

என் பெரியத்தைக்குப் பிள்ளை இல்லை. மாசி மகம் தவறமாட்டார். "அவருக்கு இறைக்கிற எள்ளுந் தண்ணியில எனக்கும் ரெண்டு சொட்டு சேர்த்து வைக்கட்டும்டா" என்பார், சிரித்துக்கொண்டே. அவரிடம் போய் ஹொய்சளர் கோழையா என்று கேட்டிருந்தால் செருப்பு பறந்திருக்கும்.

அடுத்த மாசி மகத்துக்குப் போங்கள். வெயிலுக்கு முன் போய்விடுங்கள், கூட்டம் நெரியும்.