பிராக்டிகம்ல (ஸ்கூல்ல போய் பண்ற ஆசிரியர் பயிற்சியில) பையன் மேசைக்கு அடியில போயிடறான்னு கேட்டவங்களுக்கு

பேச்சு வராத ஆட்டிசம் பையன், ஒரு வேலைலேர்ந்து அடுத்ததுக்கு மாறச் சொன்னாலே காதப் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போயிடறான், ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு நான் லாயக்கில்லையோன்னு எழுதிருக்கீங்க. அப்படி முடிவு பண்ணாதீங்க ப்ளீஸ். அவன் உங்கள எதிர்க்கல, அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரியாத பதட்டமா இருக்கலாம், வகுப்பு மாறும்போது வர்ற நாற்காலி சத்தமாவும் இருக்கலாம்.

எதுன்னு கண்டுபிடிக்க, மொதல்ல எழுதி வைங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணான், அப்புறம் அவனுக்கு என்ன கெடச்சுது, இந்த மூணும் போதும். சத்தம்தான்னா மத்தவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே அவன அடுத்த வேலைக்கு மாத்திடுங்க, இல்ல காதுக்கு ஹெட்ஃபோன் குடுத்துப் பாருங்க. தெரியாததுதான் பிரச்சனைன்னா "மொதல்ல இது, அப்புறம் இது"ன்னு ரெண்டு படம் ஒட்டின அட்டை காட்டுங்க, ஒரு தடவ சொல்லிட்டு அமைதியா காத்திருங்க, நாம திரும்பத் திரும்பச் சொல்றதே அவங்களுக்குப் பெரிய பாரம்.

ரொம்ப முக்கியமானது, "பிரேக் வேணும்"னு ஒரு அட்டை அவன் கைக்கு எட்டுற எடத்துல வைங்க, அவன் அதக் குடுத்தா உடனே பிரேக் குடுங்க, மேசைக்கு அடியில போய் சொல்றத அவன் அட்டையில சொல்லப் பழகுவான். படம் பழக்கினா பேச்சு வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆய்வுகள் அப்படிக் காட்டல, படத்தக் குடுத்து வேணுங்கறதக் கேக்கப் பழக்கற பெக்ஸ் (PECS) முறை 1985லேர்ந்தே இருக்கு. பேச்சு வரலன்னா புரியலன்னு அர்த்தமில்ல, அவன் முன்னாடி அவனப் பத்திப் பேசாதீங்க.

வகுப்புல அவன் பக்கத்துல இருக்கற டவுன் சிண்ட்ரோம் பாப்பாவுக்கு இதே அட்டை செட்டாகலன்னாலும் கவலப்படாதீங்க, அவளுக்குத் தனியா குறிப்பு எழுதுங்க. ரெண்டு பேரோட அம்மா அப்பாகிட்டயும் வீட்ல எப்படி சமாளிக்கறாங்கன்னு கேளுங்க.