வண்டியை வெட்டி ஒட்டலாம், எதிரில் ஆடுபவரைக் குழப்பக் கூடாது

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிறேன். மேஜைமேல் குட்டி மினியேச்சர் படைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் 40,000 ஆட்டத்துக்காக, ஆர்க் என்ற பச்சைத்தோல் அரக்கர்களின் படை ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய பாகங்களையும் ஒரு பொம்மை லாரியையும் வெட்டி ஒட்டி ஆர்க்குகள் ஏறிப்போகும் ட்ரக் வண்டி மூன்று செய்துவிட்டேன். ஆனால் பாய்ஸ் என்ற சாதாரண வீரர்கள் தொண்ணூறு பேரில் பத்துப் பேருக்குத்தான் பெயின்ட் அடித்திருக்கிறேன். நான்கு மாதத்தில் நாட்டிங்ஹாமில் போட்டி, ஆளுக்கு 2,000 பாயின்ட் மதிப்புள்ள படை. என் வண்டிகளை அனுமதிப்பார்களா? மீதியை எப்படி முடிப்பது? எப்படியும் தோற்கப் போகிறேன் என்றால் போய்த்தான் என்ன பயன்?
- ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: தம்பி, கண்டிப்பாகப் போங்கள். தொண்ணூறு பாய்ஸோடு மட்டும் போகாதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் வண்டிகள்.

நாட்டிங்ஹாமில் எந்த இடத்தில் போட்டி என்று நீங்கள் எழுதவில்லை. இந்த ஆட்டத்தை வெளியிடும் கம்பெனியான கேம்ஸ் வொர்க்‌ஷாப் நடத்தும் வார்ஹாமர் வேர்ல்ட் என்றால் மினியேச்சர்கள் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். வேறு கம்பெனிப் பாகமும் 3டி பிரின்ட் எடுத்த பாகமும் அங்கே ஆகாது, பொம்மை லாரி உள்ளே போகாது. கிளப்புகள் தனியாக நடத்தும் போட்டி என்றால் பெரும்பாலும் தாராளமாக விடுவார்கள். எதுவானாலும் மூன்று வண்டிகளையும் கடையில் விற்கும் அசல் ட்ரக் ஒன்றின் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, நடத்துபவர்களுக்கு இன்றே அனுப்பிக் கேளுங்கள். போட்டியன்று காலையில் கேட்டால் பதில் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு நேரமிருக்காது.

அசல் வண்டியோடு ஏன் வைக்கச் சொல்கிறேன் என்றால், இந்த ஆட்டத்தில் அளவுதான் நியாயம். யாரை யார் பார்க்க முடியும் என்பதை மினியேச்சரின் கண் மட்டத்தில் குனிந்து பார்த்து முடிவு செய்கிறோம். ட்ரக்குக்கு பேஸ் என்ற அடித்தட்டு கிடையாது, தூரத்தை வண்டியின் உடம்பிலிருந்தே அளக்கிறோம். உங்கள் வண்டி அசலைவிட அரை இஞ்ச் குட்டையாக இருந்தால் இடிந்த சுவருக்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொள்ளும். நீங்கள் அதை நினைத்துச் செய்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் எதிரில் நிற்பவருக்கு அது அநியாயம்தான். குட்டையாக இருந்தால் பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு தடுப்புச் சுவரோ, பின்னால் ஒரு கூண்டோ வைத்து உயர்த்துங்கள். துப்பாக்கியும் அப்படித்தான்: படைப் பட்டியலில் பிக் ஷூட்டா என்று எழுதியிருந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பார்த்தவுடனே அது பிக் ஷூட்டா என்று தெரிய வேண்டும். உங்கள் கற்பனைக்கு மற்ற இடமெல்லாம் இருக்கிறது.

ஆர்க்குகளைத் தேர்ந்தெடுத்தது நல்ல காரியம். கதைப்படியே அவர்கள் அடுத்தவர் வண்டியைப் பிடுங்கி, கிடைத்த தகரத்தை அடித்துச் சேர்ப்பவர்கள். 1987-இல் இந்த ஆட்டம் வந்த காலத்தில் டியோடரன்ட் டப்பாவில் மிதக்கும் டாங்க் செய்ய அந்தக் கம்பெனியே வழி சொல்லிக்கொடுத்தது. வெட்டி ஒட்டுவது பின்னால் வந்த பழக்கமில்லை, ஆட்டத்தோடு பிறந்தது.

ஒட்டும்போது ஒன்று: பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை, கம்பெனி மினியேச்சர்களின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது. ரெசினிலும் உலோகத்திலும் அது பிடிக்காது, லாரியின் வேறு வகை பிளாஸ்டிக்கிலும் பிடிக்காமல் போகலாம். அங்கே சூப்பர் க்ளூ போட்டு, கனமான பாகமானால் 1 மில்லிமீட்டர் துளையிட்டு உள்ளே ஒரு கம்பித் துண்டும் செருகுங்கள். இடைவெளியை அடைக்க கிரீன் ஸ்டஃப் என்ற இரண்டு நிறப் பிசைமம் வாங்கினால், மஞ்சளும் நீலமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டை முதலில் வெட்டி எறியுங்கள். அந்த இடம் ஏற்கெனவே இறுகியிருக்கும், பிசைந்தால் கட்டி கட்டியாக நிற்கும். கருவியை ஈரமாக வைத்துக்கொண்டால் ஒட்டாது.

இப்போது தொண்ணூறு பேர். 2,000 பாயின்ட் ஆட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், அதில் உங்களுக்குப் பாதி. தொண்ணூறு பேரை ஒவ்வொருவராக நகர்த்தினால் ஆட்டத்தின் மூன்றாவது சுற்றோடு நேரம் முடிந்துவிடும். ஆர்க் படையோடு முதல்முறை போட்டிக்குப் போகிறவர்களை மட்டையாக்குவது எதிராளியைவிட இந்தக் கடிகாரம்தான். ஒரு ட்ரக்கில் 12 பேர் ஏறலாம். ஒவ்வொன்றிலும் பத்து பாய்ஸ், கூட ஒரு தலைவன். முப்பது பேர் போதும், பத்துப் பேர் கையில் இருக்கிறார்கள், இன்னும் இருபதுதான். மீதிப் பாயின்ட்டை மெகாநாப்ஸ், டெஃப் டிரெட் மாதிரி எண்ணிக்கை குறைந்த, உருவம் பெரிய ஆட்களில் போடுங்கள். நீங்கள் ஆசையாகச் செய்த மூன்று வண்டிகளும் அப்போது படையின் நடுநாயகமாக நிற்கும். தொண்ணூறு பேர் நடுவில் யார் கண்ணிலும் அவை படப்போவதில்லை.

இருபது பேரையும் பத்துப் பத்தாக அடியுங்கள். அச்சில் வார்த்தபோது விழுந்த மோல்டு கோட்டை பிளேடின் முதுகால் சுரண்டிவிட்டு, மழையில்லாத, காற்றில் ஈரமில்லாத நாளில் வெளியே வைத்து வெளிர் நிறப் பிரைமரை மெல்லிசாக ஸ்பிரே செய்யுங்கள். ஈரக்காற்றில் அடித்தால் தோலெல்லாம் மணல் தூவியது போலச் சொரசொரப்பாகிவிடும், அதை அப்புறம் எந்தப் பெயின்ட்டும் மறைக்காது. தோலுக்கு ஆர்க் ஃப்ளெஷ் என்ற கான்ட்ராஸ்ட் பெயின்ட் ஒரே கோட், நிழல் தானே பள்ளத்தில் இறங்கிவிடும். மூக்கு நுனி, தாடை, விரல் முட்டி மட்டும் வார்பாஸ் கிரீன் பெயின்ட்டில் தொட்டு எடுங்கள். முகத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்: பற்கள் வெளிர் நிறத்தில், கண் சிவப்புப் புள்ளியாக. இரண்டடி தள்ளி நிற்பவர் பார்ப்பது முகத்தையும் பேஸையும்தான். பேஸ் எல்லாவற்றுக்கும் ஒரே துருநிற மண், விளிம்பு ஒரே கறுப்பு. பத்து வேறு பெட்டியிலிருந்து வந்த பாகங்களை ஒரே படையாக்குவது இந்த மண்தான். வண்டிகளுக்குச் சிவப்பு. சிவப்பு வண்டி வேகமாக ஓடும் என்பது ஆர்க்குகளின் நம்பிக்கை, அதை விடக் கூடாது.

கோல்டன் டீமன் என்ற மினியேச்சர் பெயின்டிங் போட்டியின் படங்களைப் பார்த்து மனம் தளராதீர்கள். 1987-இலிருந்து நடக்கும் அந்தப் போட்டியில் நடுவர்கள் மினியேச்சரைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துப் பெயின்டிங்கை மட்டும் எடை போடுகிறார்கள். உங்கள் படைத்தலைவன் வார்பாஸ் ஒருவனை அந்த ஆசையோடு அடியுங்கள், மற்றவர்களுக்கு அந்த அளவுகோல் வேண்டாம்.

தோல்வி பற்றிக் கேட்டீர்கள். 2023-இல் வந்த ஆட்ட விதிகளின் பத்தாம் பதிப்பில் ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 100 புள்ளி, அதில் 10 படை முழுவதும் பெயின்ட் அடித்து பேஸ் முடித்திருந்தால் கிடைப்பது. முடிக்காமல் போனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்தப் பத்தை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். இன்னொன்று, போட்டியின் இரண்டாவது ஆட்டத்திலிருந்து ஒரே மாதிரி முடிவு வாங்கியவர்களைத்தான் பெரும்பாலும் ஜோடி சேர்ப்பார்கள். முதல் ஆட்டம் தோற்றால் அடுத்து வருபவரும் தோற்றவரே. மதியத்துக்குள் உங்களுக்குச் சமமான ஒருவர் எதிரில் நிற்பார், உங்கள் வண்டியை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்.

பெயின்ட் முடிந்த அந்தப் பத்துப் பேரையும் ஒரு ட்ரக்கையும் வைத்து இந்த மாதமே சிறிய ஆட்டம் ஒன்று ஆடிப் பாருங்கள், கடிகாரம் வைத்து. போட்டிக்குக் கிளம்பும்போது சூப்பர் க்ளூ ஒரு ட்யூபும் பேஸ் விளிம்புக்கான கறுப்புப் பெயின்ட்டும் பையில் இருக்கட்டும்.