செல்லைப் பிடுங்கலாமா? மலையிலிருந்து வந்த ஐந்து கேள்விகள்

வளரிளம் பருவப் பிள்ளைகளின் மனநலமும் சமூக ஊடகமும் பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு எங்கள் மனநல ஆலோசகர்கள் பதில் தருகிறார்கள். எழுதியவர்களின் பெயர் வெளியிடவில்லை.

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. ராத்திரி ஒரு மணி வரை போர்வைக்குள் இன்ஸ்டா பார்க்கிறாள். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு எழுப்புவதற்குள் எனக்கு உயிரே போய்விடுகிறது. போன வாரம் அவள் அப்பா செல்லைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. திருப்பிக் கொடுக்கலாமா?
(எஸ்டேட் தொழிலாளி, கோத்தகிரி)

கொடுத்துவிடுங்கள் அம்மா. ஆனால் பகலில் மட்டும் அவள் கையில் இருக்கட்டும். ராத்திரியில் வீட்டிலுள்ள எல்லா செல்லும் சமையலறை அலமாரியில் சார்ஜ் ஏறட்டும்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஏழு மணி பஸ் என்றால் ஆறு மணிக்கு எழ வேண்டும். அப்படியானால் பத்து மணிக்கு அவள் தூங்கியிருக்க வேண்டும். இப்போது தினம் மூன்று மணி நேரம் குறைகிறது. ஐந்து பள்ளி நாளில் 15 மணி நேரக் கடன். எரிச்சல், அழுகை, படிப்பில் மறதி, காலைத் தலைவலி என்று பெற்றோர் சொல்லும் பலவற்றுக்கு இந்தக் கடனும் ஒரு முக்கியக் காரணம். செல்லில் என்ன பார்க்கிறாள் என்பதை விட, எப்போது பார்க்கிறாள் என்பதை முதலில் சரிசெய்யச் சொல்வது இதனால்தான்.

இது சோம்பேறித்தனம் இல்லை என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். இந்த வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பே பெரியவர்களை விடத் தாமதமாகத் தொடங்கும். ஏற்கெனவே தூக்கம் தள்ளிப்போகிற உடம்பின் கையில், முடிவே இல்லாமல் வீடியோ வந்துகொண்டிருக்கும் திரையையும் கொடுத்துவிடுகிறோம். திரையின் நீல வெளிச்சத்தை மட்டும் குறை சொல்லி அதற்கென்று கண்ணாடி வாங்குகிறார்கள். யார் ஸ்டோரி பார்த்தார்கள், யார் பதில் போடவில்லை என்ற படபடப்பைக் கண்ணாடி தடுக்காது.

ஒரே நாளில் ஒரு மணியிலிருந்து பத்து மணிக்குக் கொண்டுவர முயன்றால் மூன்று மணி நேரம் முழித்துக்கொண்டு கிடப்பாள், சண்டைதான் மிஞ்சும். முதல் மூன்று இரவு பன்னிரண்டரை, அடுத்த மூன்று இரவு பன்னிரண்டு என்று அரை மணி அரை மணியாக இறக்குங்கள். மூன்று வாரத்துக்குள் பத்து மணிக்கு வந்துவிடலாம். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவிட்டால் திங்கள் காலை பழைய கதைதான். எழுந்தவுடன் கால் மணி நேரம் வாசலுக்கு வெளியே இருக்கட்டும். மஞ்சு மூடியிருந்தாலும் வெளி வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைப் போலப் பல மடங்கு. உடம்பின் கடிகாரத்தை முன்னே இழுப்பது அதுதான்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். "அலாரத்துக்குச் செல் வேணும்" என்பாள். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். "வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் ஒன்பது மணிக்கு மேல்தான் வருது" என்பாள். பல பள்ளிகளில் அது உண்மையே. ஏழு மணிக்குள் அனுப்பும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கும். டிராயரில் கிடக்கும் பழைய செல்லை மறந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் விட, அப்பாவின் செல் மட்டும் தலையணைக்கு அடியில் இருந்தால் முதல் வாரத்திலேயே இது முடிந்துவிடும்.

பிடுங்கியது ஏன் தவறு என்றால், செல்லில் ஏதாவது வம்பு வந்து அதை வீட்டில் சொன்னால் செல் போய்விடும் என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். நாளைக்கு உண்மையான ஆபத்து வரும்போது உங்களிடம் வரத் தயங்குவாள். இன்றைக்கே அவள் அப்பா சொல்லட்டும்: "கோபத்தில் பிடுங்கிட்டேன் கண்ணு. செல்லில் என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு, அதுக்காகப் பிடுங்க மாட்டேன்." சொன்னால் காப்பாற்ற வேண்டும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.
(விவசாயி, பூம்பாறை)

கணக்கு வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. 12 முதல் 15 வயதில் தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற பிரச்சினைகளுக்கான அபாயம் இரு மடங்கு என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரை எடுத்துக்காட்டியது. ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பதால் ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்று ஆகாது. ஏற்கெனவே மனம் வாடிய பிள்ளையும் செல்லைத்தான் அதிகம் எடுக்கும்.

அதனால் மணியை விட, செல் எதைத் தள்ளிவிட்டது என்று பாருங்கள். தூக்கமா, சாப்பாடா, படிப்பா, முகம் பார்த்துப் பேசுவதா? நான்கும் சரியாக இருந்தால் இரண்டரை மணி நேரத்துக்காகச் சண்டை வேண்டாம்.

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. பள்ளித் தோழன் வீடு பக்கத்து மலையில், கடைசி பஸ் போய்விட்டால் அவ்வளவுதான். இருட்டினால் காட்டெருமைக்குப் பயந்து யாரும் வெளியே விடுவதில்லை. மழைக்காலத்தில் விடுமுறை விட்டால் நாள் முழுக்க வீட்டுக்குள். சமவெளியில் பிள்ளைகள் கூடி நிற்கும் தெருமுனை இவர்களுக்குச் செல்லில்தான் இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் நட்பையும் சேர்த்து நிறுத்துகிறோம். நண்பனோடு பேசும் அரை மணியும், முன்பின் தெரியாதவர் ரீல்ஸை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளும் அரை மணியும் ஒன்றல்ல. குறைக்க வேண்டியது இரண்டாவதை.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதி இருக்கிறது. எந்த ஆப்பில் எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை முறை செல்லைத் திறந்தார்கள் என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்காருங்கள். முதலில் பையன் ஒரு ஊகம் சொல்லட்டும், பிறகு திறந்து பாருங்கள். உங்கள் செல்லையும் காட்டுங்கள். அதே இடத்தில் ரீல்ஸ் ஆப்புக்கு மட்டும் டைமர் வைக்கலாம், எத்தனை நிமிடம் என்பதை அவனே சொல்லட்டும். மனிதர்கள் அனுப்பும் மெசேஜும் அழைப்பும் தவிர மற்ற நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள்.

இன்ஸ்டாவில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கான டீன் அக்கவுன்ட் இந்தியாவில் 2025இல் வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், இரவு பத்து முதல் காலை ஏழு வரை நோட்டிஃபிகேஷன் அடங்கும், 16க்குக் கீழே இருந்தால் பெற்றோர் அனுமதி இல்லாமல் இதைத் தளர்த்த முடியாது. பிறந்த தேதியைப் பொய்யாகப் போட்டு 20 வயது என்று கணக்குத் தொடங்கியிருந்தால் இதில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். முதலில் அதைத் திருத்துங்கள். 13க்குக் கீழே என்றால் கணக்கே கூடாது என்பது அந்த ஆப்பின் விதி.

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஆண்டு விழாவில் ஆடிய ரீல் போட்டேன். ஃபேக் ஐடியில் வந்து என் நிறத்தையும் ஒல்லி உடம்பையும் கிண்டல் செய்கிறார்கள். ரீலை எடுத்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் கிளாஸ் குரூப்பில் சுத்துகிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.
(மாணவர், கூடலூர்)

தம்பி, போய்ப் போய்ப் பார்ப்பது உன் பலவீனம் இல்லை. அடி விழுந்த திசையையே மனம் காவல் காக்கும். அந்தக் காவலை இன்னொருவரிடம் கொடு. நம்பிக்கையான நண்பன் ஒருவன் தினம் ஒருமுறை, சாயங்காலம், குரூப்பைப் பார்த்து முக்கியமாக ஏதாவது இருந்தால் மட்டும் உன்னிடம் சொல்லட்டும். நீ குரூப்பை மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடு.

அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடு. ஐடியின் பெயரும் தேதியும் தெரிய வேண்டும், புரொஃபைல் லிங்கையும் காப்பி செய்து வை. ஐடி பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள், அதனால் தாமதிக்காமல் எடு. பதில் மட்டும் போடாதே. நீ கோபத்தில் போட்ட ஒரு வார்த்தைதான் அடுத்த ஸ்கிரீன்ஷாட் ஆகும்.

ஃபேக் ஐடியை ரிப்போர்ட் செய்து பிளாக் செய். சொந்தப் பெயரில் சீண்டும் வகுப்புப் பையன்களுக்கு ரெஸ்ட்ரிக்ட் நல்லது. பிளாக் செய்தால் தெரிந்துகொண்டு வேறு ஐடியில் வருவார்கள். ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவன் போடும் கமென்ட் அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். இன்ஸ்டா செட்டிங்ஸில் உள்ள ஹிட்டன் வேர்ட்ஸ் பகுதியில், கிண்டலுக்குப் பயன்படுத்தும் சொற்களைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் எழுதும் எல்லா விதத்திலும் நீயே சேர்த்துவிடு. ஆப்புக்கு நம் ஊர் வசவு தானாகத் தெரியாது. சாதிப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் அது கிண்டல் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது, வீட்டுப் பெரியவரோடு காவல் நிலையம் போகலாம்.

இனி உன் ஃபீடில் நிறம் வெளுக்கும் க்ரீமும் உடம்பு ஏற்றும் பவுடரும் வரத் தொடங்கியிருக்கலாம். ஒரு வீடியோவில் நீ எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்பதும் அந்த ஆப்புக்கு ஒரு கணக்கு. வருத்தத்தில் நின்றாயா ஆசையில் நின்றாயா என்று அதற்குத் தெரியாது. வந்ததும் 'நாட் இன்ட்ரஸ்டட்' அழுத்து. அளவு மீறினால் கன்டென்ட் பிரிஃபரன்ஸில் பரிந்துரைகளை மொத்தமாக ரீசெட் செய்யலாம்.

ஊட்டியையும் பைக்காராவையும் சுற்றுலா வந்தவர்கள் எடுத்துப் போடும் ரீல்ஸ் உன் கண்ணிலும் படும். ஃபில்டர் போட்டு, இருபது டேக்கில் ஒன்றை எடுத்து, அவர்கள் வாழ்க்கையின் இரண்டு நாளைக் காட்டுகிறார்கள். அதன் பக்கத்தில் உன் சாதாரணச் செவ்வாய்க்கிழமையை வைத்துப் பார்க்காதே.

கேள்வி: ஒருவனை நம்பி ஒரு போட்டோ அனுப்பிவிட்டேன். இப்போது பணம் கேட்கிறான், தரவில்லை என்றால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்கிறான். வீட்டில் சொல்ல முடியாது. எனக்கு 16 வயது.
(கொடைக்கானல்)

மகளே, குற்றம் செய்தது அவன். 18 வயதுக்கு உட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தை வைத்து மிரட்டுவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் தண்டனைக்குரியது. உன் பெயரையோ பள்ளியையோ செய்தியில் வெளியிடுவதையும் சட்டம் தடுக்கிறது.

பணம் கொடுக்காதே. கொடுத்தால் நிறுத்துவதில்லை, தொகையை ஏற்றுவார்கள். இன்னொரு படமும் அனுப்பாதே. சாட்டை அழித்துவிடாதே, பயத்தில் எல்லோரும் செய்யும் தவறு அதுதான். மிரட்டிய மெசேஜ், அவன் ஐடி, பணம் கேட்ட யுபிஐ எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்.

அடுத்து 1098, குழந்தைகள் உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930, அது சைபர் மோசடிக்கான உதவி எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் குழந்தைகள், பெண்கள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். டேக் இட் டவுன் என்ற இலவச சேவையும் இருக்கிறது. படம் உன் செல்லை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஒரு எண் அடையாளம் மட்டும் உருவாகி, இன்ஸ்டா, ஃபேஸ்புக் போன்ற பங்கேற்கும் தளங்களுக்குப் போகும். யாராவது அந்தப் படத்தை ஏற்றினால் அவர்கள் கண்டுபிடித்து நீக்க அது உதவும்.

வீட்டில் சொல்ல முடியாது என்கிறாய். அம்மா அப்பாதான் என்றில்லை. அத்தை, சித்தி, டீச்சர், யாராவது ஒரு பெரியவர் இன்றைக்கே உன்னோடு இருக்க வேண்டும். வாயில் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் காட்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிடமே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு: உங்கள் பிள்ளை இப்படி வந்து நின்றால் "ஏன் அனுப்பின?" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்காதீர்கள். "சொன்னது நல்லது. நான் பாத்துக்கறேன்" என்பது போதும்.

கேள்வி: எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் யாருக்கு வயதுக் கோளாறு, யாருக்கு உண்மையான மனச்சோர்வு என்று எப்படிப் பிரிப்பது?
(ஆசிரியை, பந்தலூர்)

இரண்டு வாரம் என்பதை மனதில் வையுங்கள். மன வாட்டமோ எரிச்சலோ பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரம் தொடர்ந்தால் அதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவதாகவும் வரும், அதனால் 'திமிர்' என்று பெயர் வாங்கிவிடுகிறது. பிடித்த விளையாட்டை விடுவது, டிபன் பாக்ஸ் அப்படியே திரும்புவது, மருத்துவர் பார்த்தும் காரணம் தெரியாத வயிற்று வலி, குளிரில்லாத நாளிலும் முழுக்கை ஸ்வெட்டரைக் கழற்ற மறுப்பது ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது கையில் கீறிக்கொண்டதை மறைப்பதாக இருக்கலாம். மலையில் ஸ்வெட்டர் யாருக்கும் சந்தேகம் தராது, அதனால்தான் சொல்கிறோம்.

சந்தேகம் இருந்தால் தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டவுடன் பலரும் மூச்சு விட்டுப் பேசத் தொடங்குவார்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், அன்றைக்கே வீட்டுக்குத் தெரிவியுங்கள்.

வீட்டாரிடம் தவறாமல் சொல்ல வேண்டியது பூச்சிமருந்து. தோட்டத்துக்கும் தேயிலைக்கும் வாங்கிய மருந்து பல வீடுகளில் கட்டிலுக்கு அடியிலோ அடுப்பங்கரை மூலையிலோ இருக்கும். அதை வீட்டை விட்டு வெளியே, பூட்டிய பெட்டியில், சாவி பெரியவர் இடுப்பில் இருக்கும்படி வைக்க வேண்டும். அந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் பிழைக்கிறது. மாத்திரைகளையும் அப்படியே.

டெலி மானஸ் 14416 எண் 2022 அக்டோபரிலிருந்து செயல்படுகிறது. இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். சிக்னல் நிற்கும் இடத்தை முன்பே பார்த்து வையுங்கள், பாதியில் கட் ஆனால் பிள்ளை மறுபடி போன் செய்யாது. நேரில் காட்ட உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பந்தலூரிலிருந்து போய்வர ஒரு நாள் ஆகிவிடும். அதனால் போகும்போது இரண்டு வாரத்துக்கு எத்தனை மணிக்குத் தூங்கினான், எழுந்தான், சாப்பிட்டானா, பள்ளிக்கு வராத நாள் எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான், பதற்றத்தில் பெற்றோருக்கு ஒன்றும் ஞாபகம் வராது.