கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு வயது 24. ஆறு மாதத்துக்கு முன் இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றார்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறான். இட்லியை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் கேழ்வரகுக் கஞ்சியில் நாட்டுச் சர்க்கரை போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 230 காட்டுகிறது. அந்தக் காலத்துச் சாப்பாடு எப்படிக் கெடுதல் செய்யும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: குறை கேழ்வரகில் இல்லை அம்மா, அதைக் கஞ்சியாக்கியதில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து ஏறக்குறைய 70 கிராம்; அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நைசாக அரைத்துக் கொதிக்கவைத்தால் மெல்லவே வேலையில்லை, வயிற்றிலும் தங்காது, ரத்தத்தில் விறுவிறுவென்று சர்க்கரை ஏறும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். இரண்டு டீஸ்பூன் என்றாலும் 8 முதல் 10 கிராம் வந்துவிடும். கூழ் குடித்தவர்கள் அடுத்து வயலில் இறங்கினார்கள். நாற்காலியில் உட்காருபவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அதே மாவில் 40 கிராம் எடுத்து, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, வெங்காயம் சேர்த்து அடையாகத் தட்டுங்கள். கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ கட்டாயம். சாப்பிட்டதும் 15 நிமிடம் நடக்கட்டும். இட்லியை அடியோடு விலக்கவும் வேண்டாம்: இரண்டு இட்லி, கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பார் என்றால் இந்தக் கஞ்சியைவிட மேல்.

மதியம்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு விழுகிறது. ஒரு கிண்ணம் சோற்றை (150 கிராம்) முதலிலேயே அளந்து வைத்து, அதையே மூன்றாகப் பிரியுங்கள். பொரியலும் கூட்டும் முதலில், சோறு பிறகு. தினை, சாமைக்கும் இதே அளவுதான்; சிறுதானியம்தானே என்று இரண்டு பங்கு போட்டால் பலன் போய்விடும்.

புதுக் காலைச் சாப்பாட்டை மூன்று நாள் மாற்றாமல் கொடுத்து, சாப்பிடுவதற்கு முன்பும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரத்திலும் பார்த்து எழுதுங்கள். பொதுவாக 180-க்குள் இருக்க வேண்டும்.

பிறகு மருத்துவர், இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சேர்த்தால், மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள், தாழ்சர்க்கரை வரும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

மகன் ஒல்லியாக இருந்து, எடையும் இறங்கிக்கொண்டே போனால், முதல் வகை சர்க்கரை நோயா (உடலே இன்சுலின் சுரப்பை அழித்துவிடும் வகை) என்று அறிய ஜிஏடி ஆன்டிபாடி, சி-பெப்டைடு என்ற ரத்தச் சோதனைகளை மருத்துவரிடம் கேளுங்கள். முதல் வகைக்கு எந்த உணவும் இன்சுலினுக்கு ஈடாகாது. சர்க்கரை ஏறியிருக்கும்போது வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.