கம்பி அறுந்த பிறகு

வணக்கம் ஐயா,

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு வரும் வழியில் சிலிம் ரிவரில் நின்றோம். 1942-இல் அங்கே நடந்த சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. கையில் துப்பாக்கி இருந்தும் ஆயிரக்கணக்கான பேர் ஜப்பான்காரனிடம் பிடிபட்டது கோழைத்தனம்தானே? காட்டுக்குள் ஓடியவர்களாவது பிழைத்திருக்கலாமே, நம் காட்டில் இல்லாத கிழங்கா, பழமா? எதைத் தின்று தாக்குப்பிடித்திருக்கலாம் என்று எழுதுங்கள்.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

இரண்டு வாரமாக இந்தச் சண்டையின் வரைபடத்தைத்தான் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கிழங்கு. பெருங்காட்டில் பழம் மரத்தின் உச்சியில் இருக்கும், அதுவும் பருவத்துக்குத்தான். மரவள்ளி காட்டில் விளைவதில்லை, ஆள் வெட்டித் திருத்திய இடத்தில்தான் இருக்கும். கசப்பு மரவள்ளியைத் தோலுரித்து, நறுக்கி, ஊறவைத்து, நன்றாக வேகவைக்காமல் தின்றால் விஷம். வேகவைக்கத் தீ வேண்டும், தீ மூட்டினால் புகை காட்டிக்கொடுக்கும். அட்டை கடித்த இடம் புண்ணாகும், கொய்னா இல்லாதவனை மலேரியா படுக்கப்போடும். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை.

கோழை என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். தம்பி, அந்தச் சொல்லை எடுக்குமுன் 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியலை மணிக்கு மணி பார்த்திருக்க வேண்டும். டிசம்பரில் மலாயாவின் வடக்கே ஜித்ராவில் தொடங்கி, பகலில் சண்டை, இரவில் பின்வாங்கல், போய்ச் சேர்ந்த இடத்தில் பள்ளம் தோண்டல் என்று நான்கு வாரமாக உறக்கமில்லாத பிரிட்டிஷ் படை ஆட்கள் அவர்கள். அதிகாலை மூன்றரை மணி வாக்கில், நிலா வெளிச்சத்தில், ஜப்பானிய டாங்கிகள் பெரிய ரோட்டிலேயே வந்தன. முன்னால் இருந்தது ஹைதராபாத் பட்டாளம், அடுத்து பஞ்சாப் பட்டாளம், அதற்கும் பின்னால் துரோலாக் என்ற ஊரில் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

பஞ்சாபிகளின் கண்ணிவெடிகள் டாங்கிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தின. ஆனால் அந்தப் பெரிய ரோடு முன்பு வளைந்து வளைந்து போன ரோடு. பிறகு அதை நேராக்கியபோது பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்கிடையே அப்படியே கிடந்தன. டாங்கிகள் அந்தப் பழைய வளைவுக்குள் இறங்கி, தடுப்புக்குப் பின்னால் மீண்டும் ரோட்டில் ஏறின. வளைவுக்கு ஒரு காவல் போட்டிருந்தால், அங்கே சில கண்ணிவெடிகள் புதைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது அடுத்த விஷயத்தைத்தான். முன்வரிசை உடைந்த செய்தி பின்வரிசைக்கு நேரத்துக்குப் போகவில்லை. நம்பியிருந்தது தொலைபேசிக் கம்பியையும் ரோட்டில் ஓடும் ஆளையும். டாங்கி இரண்டையும் முந்திக்கொண்டது. ஒரு கூர்க்கா பட்டாளம் ரோட்டில் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தது, பின்னாலிருந்து டாங்கி வந்து சுட்டது. தங்களுக்கு முன்னால் வேறு பட்டாளங்கள் காவல் நிற்கின்றன என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். காலை எட்டரை வாக்கில் சிலிம் ஆற்றுப் பாலம் எதிரி கையில். வெடிமருந்து கட்டிவைத்த பாலம், வெடிக்கவில்லை. அதற்கும் தெற்கே சுமார் இரண்டு மைலில் ஒரு ஹோவிட்ஸர் பீரங்கி, டாங்கியை மிக அருகே வரவிட்டு அடித்த பிறகுதான் ஓட்டம் நின்றது. சுமார் 19 மைல், ஆறு மணி நேரம். வடக்கே நின்ற அத்தனை பேருக்கும் ரோடு போயிற்று, லாரி போயிற்று, சாப்பாடு போயிற்று, உத்தரவும் போயிற்று. பிடிபட்டவர்கள் ஏறக்குறைய 3,200 பேர். அவர்களில் எத்தனை பேருக்கு, எதற்காக எங்கே போக வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

இரண்டே வருஷம் கழித்து, 1944 பிப்ரவரி, பர்மாவின் அரக்கானில் சின்ஸ்வேயா. 7-ஆவது இந்திய டிவிஷனை ஜப்பானியர் இதேபோல்தான் சுற்றி வளைத்தார்கள். உள்ளே கிடந்தவர்களில் பலர் கிளார்க், டிரைவர், கோவேறு கழுதைக்காரர். ஆனால் பின்வாங்காதே, இருந்த இடத்திலேயே இரு, சாப்பாடு வானத்திலிருந்து வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மூட்டைகளும் முன்பே கட்டித் தயாராக இருந்தன. அரிசிச் சாக்கை நிரம்ப அடைத்தால் தரையில் பட்டதும் வெடித்துச் சிதறும். அதனால் தளர அடைத்து, இன்னொரு பெரிய சாக்குக்குள் போட்டு, பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து அப்படியே தள்ளிவிட்டார்கள். உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். குண்டு, மருந்துக்குத்தான் பாராசூட். பட்டுத் துணிக்குப் பஞ்சம் வந்தபோது கல்கத்தா சணல் ஆலைகளில் சணல் பாராசூட் நெய்தார்கள். நெசவு தளர்ச்சியாக இருப்பதால் காற்று அதன் வழியே கசியும், உச்சியில் ஓட்டை வைக்கவே தேவையில்லை. உள்ளே டாங்கிகளும் இருந்தன, அதையும் மறக்கக்கூடாது. மூன்று வாரத்துக்குள் பட்டினி கிடந்தது வளைத்தவன்தான். பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துத் தின்னலாம் என்று பத்து நாளுக்கும் குறைவான அரிசியோடு வந்தவன் அவன்.

சிலிம் ரிவரில் இருந்தவனுக்கும் சின்ஸ்வேயாவில் இருந்தவனுக்கும் நெஞ்சில் உள்ள துணிச்சல் ஒன்றுதான். ஒருவனுக்கு அரிசியும் சொல்லும் வந்து சேர்ந்தன, மற்றவனுக்கு வரவில்லை.

அதே 1942 ஜனவரியில், ஜொகூரில் பாரிட் சூலோங். பக்ரியிலிருந்து காயம்பட்டவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு சண்டை போட்டபடியே வந்த ஆஸ்திரேலியரும் இந்தியரும் பாலத்தில் எதிரியைக் கண்டார்கள். ஆம்புலன்ஸையாவது விடுங்கள் என்று கேட்டார்கள், முடியாது என்றான். 22-ஆம் தேதி பீரங்கிகளைத் தாங்களே உடைத்துவிட்டு, நடக்க முடிந்தவர்கள் சதுப்புக்குள் இறங்கினார்கள். ஏறக்குறைய 900 பேர் யோங் பெங் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நடக்க முடியாத சுமார் 150 பேரை அங்கேயே விட வேண்டியதாயிற்று. ஜப்பானியர் அவர்களில் அநேகமாக எல்லோரையும் கொன்றார்கள். பாலத்தருகே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. மூவார் பக்கம் போனால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பிறகு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.