கச்சான் காலத்தில் எந்தத் தீவு?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மே மாத விடுமுறையில் இரண்டு சிறு பிள்ளைகளோடு தீவுக்குப் போக ஆசை. லட்சத்தீவு, அந்தமான், மாலத்தீவு மூன்றில் அழகான கடற்கரை எங்கே இருக்கிறது?
– வாசகி, பரமக்குடி

பதில்: மே என்றால் மூன்றுமே வேண்டாம் அம்மா. தென்மேற்குப் பருவம் நெருங்கும் மாதம் அது. படத்தில் கண்ட பச்சை நீலத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், படகும் நினைத்த நேரத்தில் ஓடாது. அதே பணத்தை வைத்திருந்து பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போங்கள்.

பிள்ளைகளுக்கென்றால் எங்கள் முதல் தேர்வு லட்சத்தீவு. அங்கே பல தீவுகளுக்கு மேற்கே பவளப்பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, அரணாக நிற்கிறது. பேரலை அதில் மோதி உடைந்துவிடும். பாருக்கும் கரைக்கும் நடுவே குளம் போலத் தண்ணீர். அகத்தி, கட்மத் இரண்டும் அப்படிப்பட்டவை. மணலை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள், நொய்யரிசி மாதிரி பவளத் துணுக்கும் சிப்பித் தூளும்தான் இருக்கும். வெண்மைக்குக் காரணம் அதுதான், மத்தியான வெயிலிலும் அவ்வளவாகக் கால் சுடாததற்கும் அதுவே காரணம். நம் கரையில் ஆற்று மணலும் கலந்திருப்பதால் பழுப்பு நிறம். லட்சத்தீவுக்கு முன் அனுமதி கட்டாயம். விமானமானாலும் கப்பலானாலும் கொச்சியிலிருந்து போகலாம். அனுமதி கைக்கு வராமல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அந்தமானில் ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கரை அகலமும் அழகும் கொண்டது. ஆனால் திறந்த கடல், அலை உண்டு. அந்தமானில் எங்கே முதலை எச்சரிக்கைப் பலகை கண்டாலும் அங்கே இறங்கவே கூடாது.

மே மாதத்தில்தான் போயாக வேண்டுமென்றால் உச்சிப்புளி பக்கத்தில், வடகடல் கரையில் அரியமான் இருக்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும், பாக் விரிகுடாவான வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது அப்படியே மாறும். அப்போது சேதுக்கரை, வாலிநோக்கம் பக்கம் போகலாம். சந்தேகமா? காய்ந்த மணலை ஒரு பிடி எடுத்து மெல்ல உதிர்த்துப் பாருங்கள். கரையிலிருந்து கடலை நோக்கிப் பறந்தால் நீங்கள் நிற்பது அமைதியான பக்கம்.

ஆனால் அமைதியான பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. காற்று கடலை நோக்கி அடிப்பதால், காற்றடைத்த டியூபில் மிதக்கும் பிள்ளை சத்தமில்லாமல் ஆழத்துக்குப் போய்விடும். அரியமானில் டியூப் வேண்டவே வேண்டாம்; பிள்ளையின் இடுப்பளவு தண்ணீர் போதும், பெரியவர் ஒருவர் பிள்ளைக்குக் கடல் பக்கமாக நிற்கட்டும்.

கேள்வி: எங்கள் கரையிலிருந்து பார்த்தாலே தீவுகள் தெரிகின்றன. படகு பிடித்துப் போக ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?
– வாசகர், கீழக்கரை

பதில்: அப்பா தீவு, தலையாரி, வாளை, முல்லி உட்பட 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம், கூட்டிப் போகும் படகுக்காரர் மீதும் வழக்கு வரும். இந்தக் கண்டிப்பு நியாயமானது என்றே சொல்வோம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாரை வெட்டி எடுத்த காலத்தில் அலையைத் தடுக்கும் அரண் போயிற்று, மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. முறையாகப் பார்க்க வழியும் இருக்கிறது: பாம்பன் குந்துக்காலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு. காற்று கூடினால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பவளத் துண்டு ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள், செத்த பவளமானாலும் சட்டப்படி குற்றம்.

கேள்வி: அரிச்சல்முனையில் குளிக்கலாமா?
– கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

பதில்: கூடாது தம்பி. இரண்டு கடலும் முட்டுமிடம் அது. கணுக்கால் தண்ணீரில் நின்றாலே ஒவ்வொரு அலை திரும்பும்போதும் குதிகாலுக்கு அடியில் மணல் அரிபடுவது தெரியும். நாலு எட்டு தள்ளினால் தரை சட்டென்று சரிந்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களையும் இழுத்துவிடும். வேறெங்காவது இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்புங்கள்.

கேள்வி: கடலில் சொறி (ஜெல்லிமீன்) பட்டால் என்ன செய்வது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மணல் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும்தான் வழக்கமான தவறு. இரண்டுமே தோலில் ஒட்டிய கொட்டும் செல்களை இன்னும் வெடிக்கச் செய்யும். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், ஒட்டிய நூலை இடுக்கியால் எடுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 20 நிமிடமாவது வைத்திருந்தால் வலி தணியும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.