முனைவர் பட்ட இடத்தை ஏஜென்டிடம் வாங்க முடியுமா?

கேள்வி: இளங்கலையில் ஆங்கில இலக்கியமும் புதுச்சேரியில் எம்.ஏ. பிரெஞ்சும் படித்தேன். இவ்விரு மொழிகளும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுகின்றன என்பதை ஆராய்ந்து பேராசிரியராக விரும்புகிறேன். கனடாவில் பிஎச்.டி. இடம் வாங்கித் தர ஒரு ஏஜென்ட் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார். அதற்கு முன் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தாமே வெளியிட்டுத் தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் உங்கள் எழுத்தைப் படித்துப் பார்க்கும் பேராசிரியர்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே தரகருக்கு வேலையே கிடையாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்களை அவர்கள் பெயரைக் கண்டதுமே ஒதுக்கிவிடுவார்கள். என் மாணவி ஒருத்தி வளையலை அடகு வைத்து இப்படி இரண்டு கட்டுரைகளை வெளியிட்டாள். நேர்காணலில் அவற்றிலிருந்த ஓர் அட்டவணையை விளக்கச் சொன்னபோது அவளால் வாய் திறக்க முடியவில்லை. அது அவள் போட்ட அட்டவணையே அல்ல. படிப்பவர் இல்லாத கட்டுரைகளுக்கும் எண்ணிக்கை பார்த்து மதிப்பெண் போட்ட நம் பல்கலைக்கழக நடைமுறைதான் இந்தக் கடைகளை வளர்த்துவிட்டது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இந்தத் துறைக்கு வேண்டியது கூர்மையான காதும் பொறுமையாக எண்ணும் பழக்கமும். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு வகுப்பில் 'ழெ நெ சே பா' என்று கற்றிருப்பீர்கள். பேச்சில் அது 'ழெ சே பா' ஆகி, வேகத்தில் 'ஷே பா' என்றே ஒலிக்கும். 1971-இல் மாண்ட்ரியாலில் 120 பேரின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, 'இல்லை' என்ற பொருளுக்காக வர வேண்டிய அந்த 'நெ' நூற்றுக்கு ஓரிடத்தில்கூட வரவில்லை. 'நெ' விடுபடுவதைப் பிழை என்று திருத்துவதற்குத்தான் உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இனி, 'நெ' வந்த இடங்களோடு, வந்திருக்கக்கூடிய ஆனால் வராத இடங்களையும் ஒன்றுவிடாமல் எண்ண வேண்டும். 1982-இல் மொழியியலாளர் ஷானா பாப்லாக் கனடாவின் ஓட்டாவா, ஹல் நகரங்களில் பிரெஞ்சு பேசும் 120 பேரின் பேச்சைத் திரட்டிய ஆய்வும் இப்படிப்பட்டதுதான். ஆங்கிலம் கலந்து பேசுவதால் பிரெஞ்சு கெட்டுப்போகிறது என்ற பழிச்சொல்லுக்கு அது பதில் தந்தது: வண்டியை நிறுத்துவதைக் குறிக்கும் 'பார்க்' என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு விகுதியேற்று 'பார்க்கே' ஆவதைப் போல, வந்த சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு இலக்கணத்துக்கே கட்டுப்பட்டன.

எனவே ஒரு மணி நேர வானொலி நேர்காணலை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வடிவத்தை எண்ணி, பத்துப் பக்கம் நீங்களே எழுதுங்கள். 'ஆர்' என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் அடிப்படையைப் பழகுங்கள். பிறகு, அந்தப் பக்கங்களோடு, நீங்கள் உண்மையிலேயே படித்திருக்கும் ஆய்வின் ஆசிரியருக்குச் சுருக்கமாகக் கடிதம் எழுதுங்கள்.

உதவித்தொகை இல்லாத இடத்தை ஏற்காதீர்கள். பிரான்சில் இது குழப்பம் தரக்கூடும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே கலைத்துறைகளில், மூன்றாண்டு ஊதியம் தரும் முனைவர் ஒப்பந்தம் கிடைக்காமலே பலர் ஆய்வுக்குப் பதிவு செய்துகொள்கிறார்கள். அது சட்டப்படி சரியான பதிவுதான், போலி அல்ல. விடுப்பில் செல்லும் ஆசிரியருக்கோ, அங்கேயே வேலையில் இருப்பவருக்கோ அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. அந்த வெறும் பதிவைக் காட்டித்தான் 'பிரான்சில் இடம் கிடைத்துவிட்டது' என்று தரகர்கள் பணம் பிடுங்குகிறார்கள். கடிதத்தில் ஒப்பந்தம், ஊதியம் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பேராசிரியர் பணி கிடைக்கும், எளிதில் கிடைக்காது. பல்கலைக்கழக ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடும் பிரான்சின் தேசியப் பல்கலைக்கழகக் குழு மொழி அறிவியலை 7ஆம் பிரிவிலும், பிரெஞ்சை 9ஆம் பிரிவிலும், ஆங்கிலத்தை 11ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது. இரு மொழிகளையும் ஒப்பிட்டு அளப்பவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று விழிக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பொறுமையைச் சோதிக்கிறது. நம் ஊரிலும் இரண்டு துறைகளும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே ஆய்வேட்டின் தலைப்பை முடிவு செய்யும் அன்றே, எந்தத் துறையில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்று நெறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.